பாண் கட்டிக்கொண்டு போகும் பிள்ளை

இங்கே வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்த விஷயம், காலையில் வாய்க்கால் கட்டில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் என் மகளின் நலத்தை விசாரித்ததுதான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவர் நிற்பார். "ஐயா, பிள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்பார். நல்லாயிருக்கிறாள் என்பேன். "பாவம்" என்று சொல்லிவிட்டு நடப்பார். வைக்கோல் ஏற்றிக்கொண்டு வருகிறவர் வண்டியை நிறுத்தியே கேட்பார். தபால்காரர் கடிதத்தைத் தருமுன் கேட்பார். கொழும்பில் முப்பது வருடம் ஒரே ஒழுங்கையில் குடியிருந்தவன் நான். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, எங்கள் குழாயிலும் தண்ணீர் நின்றுவிட்டதா என்பதுதான். ஆகவே வன்னி மக்களின் பண்பை மெச்சி, யாழ்ப்பாணத்திலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் உள்ள நண்பர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதியதை எல்லாம் இதன் மூலம் வாபஸ் பெறுகிறேன். அந்தப் "பாவம்" எதற்கு என்று இப்போது எனக்குத் தெரியும்.

கடல் தாண்டிப் போனவர்கள்தான் புலம்பெயர்ந்தவர்கள் என்று நினைப்பவர்கள் ஒருமுறை யானையிறவைத் தாண்டித் தெற்கே வந்து குடியிருந்து பார்க்கட்டும். அதே தமிழ், அதே அரிசி, அதே கடவுள். ஆனாலும் கடவுச்சீட்டு இல்லாமல் வேற்று நாட்டுக்குள் வந்துவிட்டதாக ஓர் உணர்வு முதுகில் ஊர்ந்துகொண்டே இருக்கும். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். உத்தியோகம் கொழும்பில், ஒரு திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞன். சிங்களப் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் கதிரையில் இருக்கலாம் என்றார்கள். அவர்களுடைய விதிகளை அவர்களுக்கே ஆயுள் முழுக்க விளக்கிக்கொண்டிருந்தவன், எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டமாட்டேன் என்றேன். பென்சனைக் கையில் தந்து வழியனுப்பிவிட்டார்கள். உருத்திரபுரத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றத்திட்டத்தில் வயற்காணி கிடைத்தது. மனைவி ஆசிரியை. யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கிறாள். அவளுடைய இடமாற்ற விண்ணப்பத்தை நானே எழுதினேன், எல்லா இணைப்புகளோடும், ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல். அதனால்தானோ என்னவோ அது இன்னும் அசையவில்லை. வெள்ளி பின்னேரம் பஸ்ஸில் வருவாள், ஞாயிறு திரும்பிவிடுவாள். மற்ற நாட்களில் வீட்டில் நானும் பத்து வயது மகள் ரஞ்சினியும் மட்டுமே.

பள்ளிக்கூடம் தொலைவு. மத்தியான இடைவேளைக்குப் பிள்ளைகள் சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேண்டும். எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், பருப்புக் காய்ச்சத் தெரியும். அதற்கு மேல் குசினி எனக்கு அந்நிய தேசம். ஆனால் சான்விச் செய்யத் தெரியும். கொழும்பில் ரஞ்சினி படித்த கொன்வென்றில் மதிய உணவுக்குச் சட்டமே இருந்தது. மணக்கக்கூடாது, சிந்தக்கூடாது, கையில் ஒட்டக்கூடாது. சோறும் கறியும் இந்த மூன்று குற்றங்களையும் ஒருங்கே செய்வதால் தடை. அந்தத் தடையை அப்போது நான் எதிர்த்தேன். கன்னியாஸ்திரிச் சகோதரிமாரோடு எழுத்தில் வாதாடித் தோற்றேன். தோற்ற பிறகு விதி விதிதான் என்று கைக்கொண்டவன், வன்னிக்கும் அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். பாணின் ஓரத்தை வெட்டு, பூசு, மூடு, முக்கோணமாக அரி, மெழுகுதாளில் சுற்று. விடியற்காலையில் ஒரு படித்த மனிதன் செய்யக்கூடிய ஒழுங்கான காரியம்.

"அப்பா, நாளைக்கும் பாணோ?" என்றாள் ஒருநாள்.

"நேற்றுப் பட்டர். இண்டைக்கு ஜாம். நாளைக்கு முட்டை. ஒரே சாப்பாடு எண்டு எப்பிடிச் சொல்லுவாய்?"

"உள்ளுக்கை என்ன வைச்சாலும் வெளியிலை பாண்தானே?"

திணைக்களத்தில் இப்படி ஒரு குறிப்பை எவரும் எனக்கு எழுதியதில்லை. ஆகவே உள்ளடக்கத்தை மேம்படுத்தினேன். சீனிச்சம்பல் வைத்தேன். தகரத்தில் அடைத்த ரின்மீனைத் தேசிக்காய்ப் புளியும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்து வைத்தேன். வாழைப்பழத்தை மசித்து வைத்தேன். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் வைத்தேன். தணலில் வாட்டிப் பார்த்தேன். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டியும் பார்த்தேன். பெட்டி ஒவ்வொரு நாளும் ஒரு மூலை மட்டும் கடிபட்டுத் திரும்பி வந்தது. நன்றிகெட்ட பிள்ளை என்று அவள் தாயிடம் முறையிட்டேன். "பசியெடுத்தால் தின்னுவாள்" என்று அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டு யாழ்ப்பாணம் போய்விட்டாள்.

பாண் கொண்டுவருகிறவர் காசிம் நானா. சைக்கிளின் பின்னால் மரப்பெட்டி கட்டி, கிளிநொச்சியிலிருந்து மிதித்து வருவார். என் வாசல் படலையில் மட்டும் இறங்கி நின்று, பெட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு பாணாக அழுத்திப் பார்ப்பார். "நல்ல மெத்தெண்டதாப் பாத்து எடுத்தனான் ஐயா. தொண்டைக்கு நோகாது" என்பார். வியாபாரத்தில் இத்தனை அக்கறையா என்று வியந்தேன். இதையும் ஒரு கடிதத்தில் எழுதினேன். அதுவும் வாபஸ்.

பிறகு விளையாட்டுப் போட்டி வந்தது. ரஞ்சினிக்கு ஓட்டம் பிறவியிலேயே வாய்த்தது. கொன்வென்றில் ஓட இடமில்லை, ஓடினால் சகோதரிமார் மணியடிப்பார்கள். இங்கே அறுவடை முடிந்த வயல் முழுக்க அவளுக்குத்தான். அஞ்சலோட்டத்தில் கடைசி ஓட்டக்காரியாக ஓடப்போவதாகச் சொல்லிக்கொண்டு, ஈர்க்குக்கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி முற்றத்தில் பயின்றாள். இந்த ஊரில் அவள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அந்த இடம். போட்டிக்கு ஒரு கிழமை இருக்கையில், பள்ளிக்கூடத்தால் வந்தவள் பையைக்கூட இறக்கவில்லை.

"என்னை ஓட விடமாட்டினமாம்."

"ஆர்? ஏன்?"

"பெரியவாத்தியார். எனக்கு வருத்தமாம்."

"என்ன வருத்தம்?" எனக்குத் தெரிந்து அவளுக்கு ஒரு நோயும் இல்லை.

"அது ஒருத்தருக்கும் தெரியாதாம். ஆனாப் பெரிய வருத்தமாம்." சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

மறுநாள் காலை கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன். வன்னி வெயிலுக்குக் கோட்டுப் பொருந்தாது, ஆனால் முறைப்பாட்டுக்குப் பொருந்தும். தலைமையாசிரியர் நல்ல மனிதர், எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார்.

"வாங்கோ ஐயா, இருங்கோ. பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"அதைத்தான் உங்களிட்டைக் கேக்க வந்தனான் மாஸ்டர். என்ரை பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அதை நாங்கள் கேக்கிறதில்லை ஐயா. அது உங்கடை வீட்டு விசயம்."

"ஒரு வருத்தமும் இல்லை."

"அப்பிடித்தான் சொல்லுவியள். பெத்த மனம் எனக்கு விளங்காதே?"

"உங்களுக்கு ஆர் சொன்னது வருத்தமெண்டு?"

"ஆரும் சொல்லவேணுமே?" என்றார் தலைமையாசிரியர், மிகவும் கனிவாக. "வந்த நாளிலையிருந்து பிள்ளை பாண்தானே கொண்டு வருது."

அப்போதுதான் விளங்கியது. இந்தக் குடியேற்றத்தில் பாண் என்பது காய்ச்சல்காரருக்கு வாங்குவது. வயிறு கெட்டவருக்கு, பிள்ளை பெற்று எழும்பாதவருக்கு, ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் கொண்டுபோவதற்கு. சுகமாக இருக்கிற ஒரு பிள்ளைக்கு, அரிசி விளைகிற ஊரில், நாள் தவறாமல் பாண் கட்டிக் கொடுப்பவன் இவர்களுடைய கணக்கில் இல்லை. இவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? நான் பிறந்த அதே யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். என்னைப் பெற்ற ஐயா சந்தையிலிருந்து பாணோடு வந்தால், நெற்றியில் கை வைத்துப் பார்க்காமலே எனக்குக் காய்ச்சல் என்று தெரிந்துவிடும். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று என்னைப் பொறாமையோடு பார்ப்பார்கள். கொழும்பு என்னிடமிருந்து எதையெதையோ எடுத்துக்கொண்டது. இதையும் எடுத்துக்கொண்டதை ஒரு தலைமையாசிரியர் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குச் சொல்லவேண்டியிருந்தது.

அதற்காக நான் விட்டுவிடவில்லை. அது சான்விச் என்றேன். வெள்ளைக்காரன் சுகதேகியாக இருக்கும்போதே தின்கிறான் என்றேன். அவர் தலையாட்டினார். "விளங்குது ஐயா. ஆனா போன முறை ஒரு பிள்ளை வெயிலுக்கை மயங்கி விழுந்திட்டுது. மேலிடம் என்னைத்தான் கேட்டது. டொக்குத்தரிட்டை ஒரு துண்டு வாங்கித் தாங்கோ, ஓட விடுறன்."

துண்டு! எழுத்தில் ஒரு சான்று! நடைமுறை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதுகு நிமிரும். ஆனால் ஆயுள் முழுக்க மெடிக்கல் சேட்டிபிக்கற்றுகளைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்த நாட்டில் ஒருவனுக்கு வருத்தம் என்று எழுதிக்கொடுக்க வழி உண்டு. வருத்தம் தீர்ந்தது என்று எழுதிக்கொடுக்கவும் வழி உண்டு. வருத்தமே வரவில்லை என்று எழுதிக்கொடுக்க எந்த வழியும் இல்லை. என் கீழ் இருந்தவர்கள் ஒருவரும் அப்படியொன்றைக் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால் சந்தேகப்பட்டு விசாரணை வைத்திருப்பேன்.

ஆனாலும் மகளைக் கூட்டிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கே வைத்தியம் பார்க்கிற அப்போதிக்கரி ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன செய்யுது பிள்ளைக்கு?"

"ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப ஏன் கொண்டு வந்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை எண்டு எழுதித் தாங்கோ."

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவளை நாக்கை நீட்டச் சொன்னார், கண்மடலை இழுத்துப் பார்த்தார். "பசி கிடக்கோ? என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

நான் வாயைத் திறக்குமுன் ரஞ்சினி சொல்லிவிட்டாள்: "பாண்."

"அதானே பாத்தன்," என்று அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார். "மறைக்காமல் முதலே சொல்லியிருக்கலாம்தானே?" சிவப்பு மிக்ஸர் மருந்து ஒரு போத்தல் கொடுத்தார். மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு. வருத்தமில்லை என்பதற்குச் சான்று வாங்கப் போனவன், வருத்தம் உண்டு என்பதற்கான சான்றைப் போத்தலில் ஏந்திக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க, வாய்க்கால் கட்டால் நடந்து வந்தேன்.

படலையில் செல்லம்மா நின்றாள். அடுத்த காணிக்காரி. புருஷனோடு சேர்ந்து காடு வெட்டிக் காணி திருத்தியவள். அவளுடைய குரல் மூன்று வயலுக்குக் கேட்கும். போத்தலைப் பார்த்ததும் அந்தக் குரலையே இறக்கிக்கொண்டாள். அதுதான் என்னைப் பொறுமையிழக்கச் செய்தது. நடுமுற்றத்தில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். பிள்ளைக்கு நகச்சுத்துக்கூட வந்ததில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"அட கடவுளே! நான் வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்தெல்லோ போட்டன், பிள்ளை தேறினாப் பொங்கிறனெண்டு!"

"இல்லாத வருத்தத்துக்கு நேர்த்தியோ?"

"வருத்தம் இல்லாட்டி இன்னும் நல்லதுதானே. அம்மாளுக்கு வேலை குறைவு."

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே செல்லம்மா? ஊரே எப்பிடி எப்பிடி எண்டு கேட்டுதே, என்ன எண்டு ஒருத்தராவது கேட்டதோ?"

"அதை எப்பிடி ஐயா வாய்விட்டுக் கேக்கிறது?" என்றாள், உண்மையாகவே அதிர்ந்து. "வருத்தத்தின்ரை பேரைக் கேக்கப்படாது. அது மரியாதையில்லை."

மரியாதை! இந்த மரியாதைக்கு எதிராக எந்த அதிகாரியிடம் மேன்முறையீடு செய்வது? அப்போதுதான் செல்லம்மா மற்றதையும் சொன்னாள். அவளுடைய மகளும் அதே வகுப்பு. மத்தியானம் மரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக இருப்பார்கள். எல்லாப் பொதியும் நடுவில் அவிழும். ஒருத்தியின் புட்டில் இன்னொருத்தியின் கை, அவளுடைய ரொட்டியில் மற்றவளின் கை. வருத்தக்காரரின் சாப்பாட்டில் மட்டும் எவரும் கை வைப்பதில்லை. தொற்றிவிடும் என்ற பயம் பாதி, நோயாளியின் வாயிலிருந்து பறிக்கக்கூடாது என்ற இரக்கம் பாதி. ஆகவே ரஞ்சினி வட்டத்துக்கு வெளியே, வேரில் தனியாக, முக்கோணங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மெழுகுதாள் வேறு. ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்கிறதாம்.

நான் மகளைப் பார்த்தேன். "ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் விடியவே எழும்பி வெட்டுறியள்," என்றாள் நிலத்தைப் பார்த்தபடி. "நான் எப்பிடிச் சொல்லுறது?"

ஊரின் மேல் எனக்கு இருந்த கோபம் அன்று இரட்டித்தது. கோபத்தைப் பாதியாகக் குறைக்க வேறு எவரிடம் கொடுப்பது என்று தெரியாததால் முழுவதையும் ஊரின் மேலேயே வைத்துக்கொண்டேன்.

சிங்களப் பரீட்சைக்கு உட்கார மறுத்தவன் செல்லம்மாவின் குசினிப் பரீட்சைக்கு உட்கார்ந்தேன். அவளுடைய விதிமுறைகள் விதிமுறைகளே அல்ல. தண்ணீர் எவ்வளவு? "கை சொல்லும்." உப்பு? "பாத்துப் போடுங்கோ." நெருப்பு? "அளவா." என் கை ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டேன். செல்லம்மா கட்டைச்சம்பல் இடித்துத் தந்தாள், ஒரு பட்டாளத்தையே அழவைக்கிற உறைப்பு. வாழையிலையை வாட்டிக் கட்டி, பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். மாலையில் பெட்டி வெறுமையாக வந்தது. பின்னால் ரஞ்சினி ஓடி வந்தாள்.

"அப்பா, உங்கடை ரொட்டியாலை மாங்காய் விழுத்தலாமாம்!"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்! கல்லிலை வைச்சுத்தான் உடைச்சவை. எனக்கு ஒரு துண்டுதான் கிடைச்சது. நான் புட்டுத் திண்டனான், களி திண்டனான், ஒருத்தி அவிச்ச மரவள்ளி தந்தவள்!" மூச்சு வாங்கினாள். "நாளைக்கும் அதே மாதிரிக் கல்லு ரொட்டி சுடுவியளே?"

சான்விச் சலித்த பிள்ளைக்கு என்ன கட்டிக் கொடுப்பது என்று கேட்டு எழுதுகிற வெள்ளவத்தைத் தாய்மாருக்காக இதைச் சொல்கிறேன். குரக்கன் ரொட்டி கட்டுங்கள். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் தாமரை இலையில் பொதியுங்கள், இலையின் பச்சை வாசம் புட்டில் இறங்கும். அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், எள்ளும் சர்க்கரையும் இடித்த உருண்டை, மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்ச் சம்பலும் எல்லாம் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை கெடாது. ஆனால் உள்ளே என்ன என்பதல்ல கேள்வி. அடுத்த பிள்ளையின் கை அதில் பாயவேண்டும். முக்கோணமாக வெட்டி, தாளில் சுற்றி, இது எனக்கு மட்டும் என்று எழுதி ஒட்டாத குறையாக அனுப்புகிறீர்களே, அதுதான் பிள்ளைக்குச் சலிக்கிறது. கொன்வென்றின் மூன்று விதிகளும் நேர்மாறாக எழுதப்பட வேண்டியவை. மணக்கவேண்டும், சிந்தவேண்டும், ஒட்டவேண்டும்.

என் கோபம் இதோடு தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். பாண் நின்ற மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தலைமையாசிரியர் வழியில் கண்டு, சைக்கிளால் இறங்கி, "பிள்ளை நல்லாத் தேறீட்டா ஐயா. அஞ்சலோட்டத்திலை போட்டிட்டன்" என்றார். துண்டு? அதை அவர் கேட்கவே இல்லை. சான்று இல்லாமல் நோயாளியாக்கப்பட்ட பிள்ளை, சான்று இல்லாமலே சுகப்பட்டுவிட்டாள். தேறவில்லை மாஸ்டர், அவளுக்கு ஒன்றும் இருக்கவே இல்லை என்று நடுவீதியில் நின்று விளக்கினேன். "ஓம் ஓம், அம்மாளாச்சி காத்தது" என்று ஏறி மிதித்துப் போனார். காசிம் நானா படலையைக் கடக்கும்போது, "இனி வேண்டாம்தானே ஐயா? அல்லாஹ் பெரியவன்" என்றார். வாடிக்கை போனதில் இத்தனை மகிழ்ந்த வியாபாரியை நான் கண்டதில்லை. இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் அனைத்தினதும் மனக்குறிப்பேட்டில் என் மகள் இன்று, கொடிய நோயிலிருந்து மீண்ட பிள்ளை. அதைத் திருத்த வழியில்லை. செல்லம்மாவின் நேர்த்திக்கு அரிசியும் நானே கொடுக்கவேண்டும் என்று மனைவி தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள்.

விளையாட்டுப் போட்டியன்று வெட்டை வெயில். மைதானத்தின் ஒரு பக்கம் கிடுகுப் பந்தல், அதன் கீழ் கதிரைகள், உத்தியோகத்தருக்கு. எதிர்ப்பக்கம் கயிற்றுக்கு வெளியே குடியேற்றக்காரர் நின்றார்கள். நான் கயிற்றோரம் போய் நின்றேன். தலைமையாசிரியர் தானே வந்து, "நீங்கள் இஞ்சை நிக்கிறதே ஐயா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ஓவசியருக்கும் நீர்ப்பாசன அதிகாரிக்கும் நடுவில் இருத்தினார். மறுக்க நினைத்தேன். ஆனால் கதிரை நல்ல கதிரை.

கடைசி ஓட்டம், அஞ்சலோட்டம். கட்டை ரஞ்சினியின் கைக்கு வரும்போது முன்னால் இரண்டு பேர். நான் எழுந்துவிட்டேன். ஒருத்தியைக் கடந்தாள். மற்றவளைக் கடக்கவில்லை, ஒரு கையளவு பிந்தினாள். அதற்கென்ன, விழவில்லை, மயங்கவில்லை. கயிற்றின் அந்தப் பக்கமிருந்து பெண்கள் உள்ளே ஓடிவந்து அவளைத் தூக்கினார்கள். வருத்தத்தால் எழும்பி வந்து இந்த ஓட்டம் ஓடினாளே என்று அவர்கள் அழுவது பந்தலுக்கே கேட்டது. அது தவறு என்று சொல்ல ஓரடி எடுத்துவைத்தேன். அப்போது பின்னால் ஒரு தட்டு நீண்டது. விருந்தினருக்கென்று தலைமையாசிரியர் விசேஷமாகச் செய்வித்தது. சான்விச். ஓரம் வெட்டி, முக்கோணமாக அரிந்து, உள்ளே பட்டரும் முட்டையும்.

"உங்களுக்குப் பழக்கமான சாப்பாடு ஐயா" என்றார்.

ஓவசியர் எடுத்தார், அதிகாரி எடுத்தார். நானும் எடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் கயிற்றுக்கு அப்பால் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பொதிகளை அவிழ்த்தார்கள். அதற்குள் ரஞ்சினியைக் கண்டுபிடிக்க எனக்கு நேரம் எடுத்தது. மூன்று வயலுக்குக் கேட்கும் அந்தக் குரல் மைதானத்தைக் கடந்து வந்தது.

"ஐயா! உங்களுக்கு இப்ப என்ன வருத்தம்?"

கயிறு முழுக்கச் சிரித்தது. வாய் நிறையப் பாண் இருந்ததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வட்டத்துக்குள்ளிருந்து என் மகள் திரும்பிப் பார்த்தாள். கையில் யாருடையதோ புட்டு. அவளும் சிரித்தாள், அவர்களோடு சேர்ந்து, அந்தப் பக்கத்திலிருந்து.